கோவையில் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: "மைலேஜ் பேக்கேஜ்" என்று கேட்டால் பணம் கொடுக்காதீர்கள்

காருக்கு மைலேஜ் கூட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள். எந்த ரோட்டில், எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில், ஏசி போட்டா போடாமலா? நேராகப் பதில் வரவில்லை என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். என்னிடம் பதினோராயிரத்துச் சொச்சம் வாங்கிவிட்டார்கள். அதே கடைக்கு இன்னும் வண்டிகள் போய்க்கொண்டிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது 2018 மாடல் சின்ன பெட்ரோல் கார், 1.2 லிட்டர் இன்ஜின். புதிதில் டவுனுக்குள்ளேயே லிட்டருக்கு 14, 15 கொடுத்தது. போகப் போகக் குறைந்து 12-இல் வந்து நின்றது. அவிநாசி ரோட்டில் மேம்பால வேலை நடந்துகொண்டிருந்த காலம். ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் பாதி வழி முதல் கியரிலேயே போகும். ஆயில் மாற்றப் போன சர்வீஸ் கடையில் இதைச் சொன்னேன். கடையின் பெயரை இங்கே போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. கடைக்காரர் உடனே மேஜைக்கு அடியிலிருந்து லேமினேட் செய்த அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்) கிளீனிங், இன்ஜினுக்குள் படிந்த கரியை எடுக்கும் டீகார்பன், பெட்ரோல் பைப்பில் மாட்டும் காந்தம், டேங்கில் ஊற்ற ஒரு பாட்டில் திரவம். அதோடு இனிமேல் பிரீமியம் பெட்ரோல் மட்டும்தான் போட வேண்டும், அதுவும் அவர் கார்டு கொடுக்கும் பங்கில்.

"மைலேஜ்ங்கிறது ஓட்டறதுல இல்லீங்க்கா, பெட்ரோல்லதான் இருக்குது. சாதா பெட்ரோல் போட்டுப் போட்டு இன்ஜின் அடைச்சுப் போச்சு. லிட்டருக்கு அஞ்சு கிலோமீட்டர் அதிகமா வரலீன்னா பணத்தைத் திருப்பித் தந்துடறனுங்க்கா."

அவர் சொன்ன இந்த முதல் வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கேஜுக்கு முன்னால் ஒரு டெஸ்ட், முடிந்த பிறகு ஒரு டெஸ்ட். இரண்டிலும் நான் வண்டியில் இருந்தேன், ஓட்டியது கடைப் பையன். முதல் டெஸ்ட் சாயங்கால நேரத்தில் காந்திபுரம், நூறடி ரோடு என்று ஒரு சுற்று. ஏசி ஓடியது. சிக்னல் சிக்னலாக நின்று போனதில் டேஷ்போர்டில் 10.8 காட்டியது. அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டாவது டெஸ்ட் சேலம் ஹைவேயில், காலையில். "டெஸ்ட்டுக்கு ஏசி வேண்டாமுங்க்கா" என்று அணைத்துவிட்டான். கணியூர் டோல்கேட்டைத் தாண்டினோம். வண்டி 75-ஐத் தொட்டு ஐந்தாவது கியர் போட்ட பிறகு, ஸ்டியரிங்குக்கு உள்ளே கையை விட்டு, மீட்டரில் துருத்திக்கொண்டிருக்கும் டிரிப் குமிழை அழுத்திப் பிடித்தான். ஆவரேஜ் என்ற இடத்தில் இருந்த எண் அழிந்து வெறும் கோடுகள் வந்தன. அங்கிருந்து கணக்கு புதிதாக ஆரம்பித்தது. அவிநாசி, பெருமாநல்லூர், செங்கப்பள்ளி என்று பிரேக்கில் கால் வைக்காமல் ஓட்டி, விஜயமங்கலம் டோல்கேட்டுக்கு முன்னாலேயே ஓரங்கட்டினான். 22.6. அதையும் படம் பிடித்தார்கள். திரும்பி வரும்போது திரையை மாற்றிவிட்டான், ஓடிய கிலோமீட்டர் மட்டும்தான் தெரிந்தது. கடைக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருந்தார்கள்.

இப்போது அந்த 22.6 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஒரு மோசடியை இவ்வளவு சுத்தமாக ரோட்டை வைத்தே செய்ய முடியும் என்பதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி.

அது 2025 ஆடி மாசம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் ஊருக்குப் பழமொழி மட்டுமில்லை, நிஜம். தென்மேற்குப் பருவக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து கிழக்கே பாய்கிற ஊர் இது. பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதற்காகத்தான். நாங்கள் போனது கிழக்கே, காற்று முதுகைத் தள்ளியது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நாலு மடங்காகும். 80-இல் போகிற வண்டியைப் பின்னாலிருந்து 20 கிலோமீட்டர் வேகக் காற்று தள்ளினால், அந்த வண்டி 60-இல் போகும்போது சந்திக்கிற எதிர்ப்புதான் மிஞ்சும். கணக்குப் போட்டால் 44 சதவீதம் குறைவு. அதே காற்று திரும்பி வரும்போது முகத்தில் அடிக்கும். திரும்பும் வழியில் திரையை மறைத்தது ஏன் என்று எனக்கு அப்புறம்தான் விளங்கியது.

அடுத்தது இறக்கம். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம். கிழக்கே போகப் போக நிலம் இறங்கிக்கொண்டே போய், ஈரோட்டைத் தொடும்போது 200-க்கும் கீழே வந்துவிடும். நாலு வழிச் சாலையில் கண்ணுக்கு அது இறக்கமாகவே தெரியாது. இன்ஜினுக்குத் தெரியும்.

டயர் விஷயம் வேறொரு கடையில் தெரிந்தது. சில நாள் கழித்துக் காற்று பார்க்கப் போனபோது கேஜ் வைத்த பெரியவர், "யாரும்மா இவ்வளவு அடிச்சது?" என்று கேட்டார். நாலு டயரிலும் 40-க்கு மேல். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என் வண்டிக்குப் போட்டிருப்பது 33. காற்றைக் கூட அடித்தால் டயர் லேசாக உருளும், மைலேஜ் கொஞ்சம் ஏறும். ஆனால் ரோட்டைப் பிடிக்கிற பிடிப்பு குறையும், பிரேக் அடித்தால் வண்டி நிற்க இன்னும் தூரம் எடுக்கும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செய்திருக்கிறார்கள். பணம் போனதைவிட இதற்குத்தான் எனக்குக் கோபம். அந்த டயரோடு மழையில் என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

இவற்றோடு ஏசி இல்லை, சிக்னல் இல்லை, வண்டியைக் கிளப்பி வேகம் பிடிக்கச் செலவான பெட்ரோல் கணக்கிலேயே இல்லை. சாதா பெட்ரோல் போட்டு, காந்தமும் பாட்டிலும் இல்லாமல் ஓட்டியிருந்தாலும் அன்றைக்கு அந்த எண்தான் வந்திருக்கும். டெஸ்ட் எடுக்கிற ஆளுக்கு மனசு இருந்தால் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது குமிழை அழுத்தி இதைவிடப் பெரிய எண்ணையும் காட்டலாம். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இப்போதைய இன்ஜின்கள் பெட்ரோலையே நிறுத்திக்கொள்ளும். ஷோரூமில் சொல்கிற மைலேஜும் லேபில் சுழலும் உருளை மேல் சக்கரத்தை வைத்து ஏசி இல்லாமல் ஓட்டி எடுத்ததுதான். ஆனால் அது எல்லாக் காருக்கும் ஒரே மாதிரி டெஸ்ட் என்பதால் ஒரு காரோடு இன்னொன்றை ஒப்பிடவாவது உதவும்.

இனி பிரீமியம் பெட்ரோலுக்கு வருகிறேன். சாதா பெட்ரோலைவிட லிட்டருக்குக் கூடுதல் விலை வாங்குகிற விஷயம். ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் சக்தியைக் காட்டுகிற எண் இல்லை. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து அழுத்தப்படும்போது, ஸ்பார்க் அடித்து நெருப்பு பரவுகிற முறை தவறித் தானாக வெடிக்காமல் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கான எண். தாங்காவிட்டால் ஏற்றத்தில் இன்ஜின் தட்டுகிற சத்தம் கேட்கும். அழுத்தம் அதிகமுள்ள இன்ஜின்களுக்கும் சில டர்போ இன்ஜின்களுக்கும் உயர்ந்த ஆக்டேன் தேவைப்படும், அதற்குப் பலனும் உண்டு. உங்கள் வண்டிக்கு வேண்டுமா என்பது பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ கையேட்டிலோ இருக்கும். என் கையேட்டில் 91 போதும் என்று போட்டிருக்கிறது. 91 கேட்கிற இன்ஜினுக்கு 95 ஊற்றினால் அது கூடுதலாக ஓடாது. அமெரிக்காவில் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2016-இல் சாதாரண பெட்ரோலுக்கென்று செய்த கார்களில் பிரீமியம் ஊற்றிச் சோதித்துப் பார்த்தது. மைலேஜிலும் இழுவையிலும் சொல்லும்படி எதுவும் கூடவில்லை.

நம் ஊரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. பிஎஸ் 6 என்ற வாகனப் புகை விதி வந்தபோது சாதா பெட்ரோலின் ஆக்டேன் 91. 20 சதவீத எத்தனால் கலந்த பிறகு அது 95 ஆகிவிட்டது என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-இல் அறிக்கை விட்டது. ஆக்டேனில்தான் மைலேஜ் இருக்கிறது என்றால் எல்லாருடைய வண்டியிலும் மைலேஜ் ஏறியிருக்க வேண்டும். இறங்கித்தான் இருக்கிறது. காரணம், எத்தனாலில் ஆக்டேன் அதிகம், எரிசக்தி குறைவு; ஒரு லிட்டர் எத்தனாலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகத்தான் இருக்கும். எத்தனாலுக்கென்று வடிவமைக்காமல் 10 சதவீதக் கலப்புக்கு மட்டும் சரிசெய்த கார்களில் 20 சதவீதக் கலப்பு போட்டால் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. லிட்டருக்கு 15 கொடுத்த பழைய காரில் அது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். உங்கள் காரில் அந்த ஒரு கிலோமீட்டர் காணாமல் போனால் இன்ஜெக்டர் அடைத்துவிட்டது என்று யார் சொன்னாலும் உடனே நம்பாதீர்கள்.

என் வண்டியில் நானே பார்த்தேன். ஒரே பங்க், ஒரே பம்ப். டேங்க் நிரம்பி முதல் தடவை தானாக நின்றதும் நிறுத்தச் சொல்லி, கிலோமீட்டரைக் குறித்துவைத்து, அடுத்து நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று வகுத்துப் பார்த்தேன். வீடு, ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று அதே வழி. பிரீமியமும் சாதாவும் மாற்றி மாற்றி. இரண்டுக்கும் 12-க்கும் 13-க்கும் நடுவில்தான் வந்தது. எது எந்த வாரம் என்று தேதியை மறைத்துவிட்டால் என்னாலேயே சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பொள்ளாச்சி போய்த் திரும்பியபோது, சாதா பெட்ரோலிலேயே 18 கொடுத்தது. டிராஃபிக்கில் நின்றுகொண்டே ஓடும் இன்ஜின் சின்னக் காரிலும் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். அந்த நேரத்தில் ஓடிய தூரம் பூஜ்யம். எந்தப் பாட்டிலாலும் அதை மாற்ற முடியாது.

இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க சிட்டிக்குள்ள ஓட்டறீங்க, ஏசி வேற போடறீங்க. மைலேஜெல்லாம் ஓட்டறதுலதாங்க்கா இருக்குது."

பணம் வாங்கும்போது பெட்ரோலில் இருந்த மைலேஜ், திருப்பிக் கேட்கும்போது ஓட்டுவதில் வந்துவிட்டது. இரண்டாவதாகச் சொன்னதுதான் உண்மை. அது தெரிந்துதான் முதலாவதைச் சொல்லி விற்றிருக்கிறார்.

காந்தத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெட்ரோல் காந்தத்துக்கு மசியாது. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மைலேஜ் கூட்டும் என்று விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைச் சோதித்தோ ஆய்வு செய்தோ பார்த்து, குறிப்பிடும்படி கூட்டுகிற ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. இன்ஜெக்டர் கிளீனிங் அப்படியில்லை. நிஜமாகவே அடைப்பு இருந்து, வண்டி உதறினாலோ ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்தாலோ அது தேவையான வேலைதான். அடைப்பு இருக்கிறதா என்று பார்க்காமலே செய்வதுதான் தப்பு.

அவர் கார்டு கொடுத்த பங்கில் வேறொன்று நடந்தது. ஒரு நாள் சாதா பெட்ரோல் கேட்டபோது "ஸ்டாக் இல்லீங்க" என்றார்கள். பக்கத்து வரிசையில் ஆட்டோவுக்கு அதே நேரத்தில் சாதா ஓடிக்கொண்டிருந்தது. பம்பில் ஜீரோவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளாதீர்கள். லிட்டர் விலை என்ற கட்டத்தையும் பாருங்கள், எந்த பெட்ரோல் போடுகிறார்கள் என்பது அங்கே தெரியும். அளவில் சந்தேகம் வந்தால் முத்திரை வைத்த 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். ஒவ்வொரு பங்கிலும் அது இருக்க வேண்டும், கேட்பது நம் உரிமை. 25 மில்லிக்கு மேல் குறைந்தால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் கொடுங்கள்.

கடைக்காரர் எனக்குக் கொடுத்தது ஜிஎஸ்டி எண் இல்லாத துண்டுச் சீட்டு. அதில் "மைலேஜ் பேக்கேஜ்" என்று எழுதி, தொகையைப் போட்டுக் கையெழுத்தும் வைத்திருந்தார். அதையும், அவர்களே அனுப்பிய இரண்டு படங்களையும் வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அதற்குப் பிறகு காந்தத்துக்கும் பாட்டிலுக்கும் உண்டான பணத்தை ஜிபேயில் போட்டுவிட்டார். கூலிப் பணம் தர முடியாது என்கிறார். டயரில் காற்று அடித்தது நாங்கள் இல்லை என்றும் சொல்கிறார்.

மீதிக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் இல்லை, விஷயம் நடந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இதே மாதிரி பேக்கேஜுக்குப் பணம் கட்டியவர்கள் கோவை, திருப்பூர் பக்கம் இருந்தால், சீட்டையும் அவர்கள் அனுப்பிய படங்களையும் அழித்துவிடாதீர்கள். டெஸ்ட் எடுத்த வழியையும் தேதியையும் மறப்பதற்குள் எழுதி வையுங்கள். இன்றைக்கே டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று வேறொரு கடையில் பார்த்துவிடுங்கள்.