கயிற்று பம்பு: சில வருடம் சுற்றிப் பார்த்தபின்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில் (இப்போது பெஸ்தாரி ஜெயா, ஆனால் எங்கள் வாயில் பழைய பெயர்தான் வரும்) குழாய்த் தண்ணீர் வந்து வெகு காலமாகிறது. அப்புறம் எதற்குக் கிணறு, அதற்கு ஒரு கைபம்பு என்று கேட்பவர்களிடம் 2020 செப்டம்பரைச் சொன்னால் போதும். சிலாங்கூர் ஆற்றில் கழிவு வாடை கலந்து, சுத்திகரிப்பு நிலையங்களை மூடி, எத்தனை ஊர் ஜனங்கள் வாளியோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றார்கள்! தோட்டத்துக் காலத்துக் கிணறு எங்கள் பின்கட்டில் சும்மாதான் கிடந்தது, அதற்குத்தான் கயிற்று பம்பு வைத்தோம்.

மின்மோட்டார் வைத்திருக்கலாம். இடி மின்னலுக்கு அது எரிவதும், கரண்டு இல்லாத அன்றுதான் தண்ணீரும் இல்லாமல் போவதும் அக்கம்பக்கத்தில் பார்த்த கதை. உறிஞ்சும் கைபம்பு 7 மீட்டருக்குக் கீழே போனால் திணறும். எங்கள் கிணற்றில் வெயில் காலத்து நீர்மட்டம் 8 மீட்டரில் நிற்கும். கயிற்று பம்புக்கு அந்தத் தொல்லை இல்லை, அது உறிஞ்சுவதில்லை, தூக்குகிறது.

இதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. வளையமாகக் கட்டிய கயிறு, அதில் ஏறக்குறைய மீட்டருக்கு ஒன்றாக ரப்பர் வில்லைகள். மேலே சக்கரத்தைச் சுற்றினால் கயிறு பிவிசி குழாய்க்குள் ஏறும். வில்லைகள் தங்களுக்கு மேலே உள்ள தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும். வந்த கயிறு குழாய்க்கு வெளியே திரும்பக் கீழே இறங்கும். மரப்பலகை கோத்த சங்கிலியால் சீனாவில் பல நூற்றாண்டுக்கு முன்பே செய்ததுதான். பிளாஸ்டிக் குழாயும் கயிறும் மலிந்த பிறகு, 1980களிலும் 90களிலும் நிக்கராகுவா கிராமங்களில் இது பரவியது. அங்கும் செய்து கொடுத்தவை சின்னப் பட்டறைகள்தான்.

எங்களுக்குச் செய்தவரும் ஊர் வெல்டிங் பட்டறைக்காரர்தான். பழைய கார் டயரின் இரண்டு பக்கச்சுவர்களை அறுத்து முதுகோடு முதுகாக முடுக்கினால் நடுவில் ஒரு பள்ளம் விழும், கயிறு அதில் கவ்விக்கொள்ளும். அதுதான் சக்கரம். குழாயை எத்தனை அங்குலம் போடுவது என்பதில்தான் யோசிக்க வேண்டும். 1 அங்குலக் குழாயில் 8 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் 4 கிலோவைத் தாண்டும். அது என் அம்மாவும் சுற்றக்கூடிய பாரம். அதே குழாயை 20 மீட்டர் கிணற்றில் போட்டால் 10 கிலோவுக்கு மேல் போய்விடும். ஆகவே ஆழம் கூடக்கூடக் குழாய் ஒடுங்க வேண்டும், தண்ணீரும் குறையும். 10 மீட்டர் ஆழத்தில் நிமிடத்துக்கு 40 லிட்டர் வரை வரும் என்பார்கள். தெம்புள்ள ஆள் சுற்றினால் வரும். நான் சுற்றினால் வராது.

நாள்பட நாள்பட எது தேய்ந்தது? முதலில் கயிறு. நைலான் நனைந்தால் நீளும்; சக்கரம் வழுக்கத் தொடங்கியதும் அவிழ்த்துக் குறுக்கிக் கட்ட வேண்டியதாயிற்று. வெயில் படும் பகுதிதான் முதலில் நைந்தது, சக்கரத்துக்கு மேல் ஒரு தகர மூடி போட்டபின் அடுத்த கயிறு அதைவிட நன்றாக உழைத்தது. வில்லைகள் குழாயை உரசக்கூடாது, மயிரிழை இடைவெளி விட்டு வெட்டணும். கொஞ்சம் ஒழுகும், வேகமாகச் சுற்றினால் அது தெரியாது. இறுக்கமாக வெட்டியவர்கள் குழாயையும் கெடுத்து, கையையும் வலிக்க வைத்துக்கொண்டார்கள்.

குழாயின் அடிவாயைச் சூடு காட்டி அகட்டியிருக்கிறதா என்று பொருத்துமுன்பே பாருங்கள். இல்லையென்றால் வில்லை நுழையும்போதெல்லாம் விளிம்பில் அடிபடும். கீழே கயிறு திரும்பும் இடத்தில் எங்களுக்குக் கண்ணாடிப் புட்டி பதித்த சிமெண்டுக் கட்டை. அது இன்னும் தேயவில்லை. கைப்பிடித் தண்டுக்குக் கிரீஸ் வேண்டாம், கிணற்றுக்கு நேர் மேலே இருக்கிறது; பழைய பிசுக்கைத் துடைத்துவிட்டுச் சமையல் எண்ணெய் இரண்டு சொட்டு விடுகிறோம்.

பிடிக்காதவையும் உண்டு. அடியில் வால்வு இல்லாததால் நிறுத்திக் கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் இறங்கிவிடும், ஒவ்வொரு தடவையும் முதல் சில சுற்று வீண். மேல்மாடித் தொட்டிக்கு ஏற்றலாம் என்று நினைப்பவர்கள் வேறு பம்பு பார்க்கட்டும். சிமெண்டு மூடி போட்டபின் ஏடிஸ் கொசுக் கவலை குறைந்தது உண்மை. ஆனால் கயிறு வெளியே வந்து உள்ளே போகிற பொருள், அதனால் குடிக்கக் கொதிக்க வைத்துத்தான் எடுக்கிறோம். எங்கள் தண்ணீரில் இரும்பு அதிகம். வெள்ளைச் சட்டை துவைத்தால் அம்மாவிடம் பேச்சு வாங்கணும்.

இதைப் பார்த்துவிட்டு மாரியம்மன் கோயில் கிணற்றுக்கும் ஒன்று வைத்தார்கள். அங்கேதான் வீட்டு பம்புக்கும் பொது பம்புக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தது. பிள்ளைகள் கைப்பிடியைப் பின்பக்கம் சுற்றுவார்கள், நடுவில் விட்டுவிட்டு ஓடுவார்கள். உள்ளே நிற்கும் தண்ணீரின் பாரத்தில் அது திரும்பச் சுழன்று தாடையில் அடிக்கும். செலவு பார்த்துத் தடுப்புக் கொக்கி இல்லாமல் செய்திருந்தார்கள். ஒரு பெரியவருக்கு மணிக்கட்டில் அடிபட்ட பிறகே அதை வெல்டு வைத்தார்கள். பெயிண்டுக்குக் கொடுக்கும் காசை அந்தக் கொக்கிக்குக் கொடுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன். இப்போது கயிறு மாற்றும் பொறுப்பு கோயில் பண்டாரத்திடம். உபரிக் கயிறும் வில்லைகளும் மடைப்பள்ளி அலமாரியில் இருக்கின்றன, சாவி அவரிடம்.