தீர்ப்பை முழுவதும் இயந்திரத்திடம் விடலாமா? டென்னிஸ், பேஸ்பால், கிரிக்கெட் காட்டும் மூன்று வழிகள்

நடுவரின் இடத்துக்குச் செயற்கை நுண்ணறிவு வருமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். டென்னிஸில் வந்தே விட்டது. 1877இல் தொடங்கிய விம்பிள்டனில், 2025ஆம் ஆண்டு கோட்டோரம் நின்று ‘அவுட்’ சொல்ல ஒரு மனிதர்கூட இல்லை. கேமராக்கள் பந்தைப் பின்தொடர்கின்றன, கணினி முடிவெடுக்கிறது, பதிவு செய்யப்பட்ட குரல் அறிவிக்கிறது. நாற்காலி நடுவர் மட்டும் மிச்சம்.

கோட்டைப் பொறுத்தவரை இதுதான் சரி என்பேன். பந்து உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்பது வெறும் அளவு. அதற்கு அனுபவமோ விதிகளை விளக்கும் திறனோ தேவையில்லை. மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வரும் சர்வீஸை மனிதக் கண் துல்லியமாக அளக்கும் என்று எதிர்பார்ப்பதே அநியாயம்.

ஆனால் அதே விம்பிள்டனில் நடந்ததை மறக்க முடியாது. சோனே கார்டல், பாவ்லியுசென்கோவா என்ற இரு வீராங்கனைகளுக்கும் நடந்த ஆட்டத்தில், மைதானத்தின் ஒரு பகுதியில் கருவியைத் தவறுதலாக யாரோ அணைத்துவிட்டார்கள். கார்டல் அடித்த பந்து கோட்டைத் தாண்டித் தெளிவாக வெளியே விழுந்தது. கருவி எதுவும் சொல்லவில்லை. அந்தப் புள்ளி பாவ்லியுசென்கோவாவுக்கு வந்திருந்தால் கேமே அவருடையது. நடுவர் புள்ளியைத் திரும்ப ஆடச் சொன்னார், கேம் கார்டலுக்குப் போனது. ஆட்டத்தைக் கடைசியில் பாவ்லியுசென்கோவாதான் வென்றார் என்பது வேறு விஷயம். கண் முன்னால் நடந்த தவறைத் திருத்தும் அதிகாரம் இருந்தும், மைதானத்தில் இருந்த மனிதர் அதைப் பயன்படுத்தாமல் போனதுதான் எனக்கு உறுத்துகிறது. பிறகு, ஆட்டத்தின் நடுவே யாரும் கையால் அணைக்க முடியாதபடி கருவியை மாற்றினார்கள். நல்லதுதான். ஆனால் கருவி பேசாத நேரத்தில் நடுவர் பேசலாம் என்ற விதியைப் பயன்படுத்தும் துணிவும் வேண்டும்.

அமெரிக்க பேஸ்பால் வேறு வழியில் போகிறது. தென் கொரியாவின் கேபிஓ லீக் 2024இலேயே, வீசப்பட்ட பந்து அடிக்கத்தக்க எல்லைக்குள் வந்ததா (ஸ்ட்ரைக்), இல்லையா (பால்) என்ற முடிவை முழுவதுமாகக் கணினியிடம் கொடுத்துவிட்டது. அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்கான எம்எல்பி அப்படிச் செய்யவில்லை. 2026 சீசனுக்கு அது ஏற்றுக்கொண்ட முறையில் முதல் தீர்ப்பு நடுவருடையதே. பேட்டர், பிட்சர், கேட்சர் ஆகிய மூவரில் ஒருவர் தலையைத் தட்டிக் காட்டினால் கணினி சரிபார்க்கும். அணிக்கு இரண்டு வாய்ப்புகள். முறையீடு வென்றால் வாய்ப்பு குறையாது. வெளியிலிருந்து பயிற்சியாளர் சைகை காட்ட முடியாது என்பது இதில் அழகு.

நடுவரின் முடிவை அணிகள் மறுபரிசீலனைக்கு (ரிவ்யூ) அனுப்பும் கிரிக்கெட்டின் டிஆர்எஸ் முறை இதற்கு மூத்த அண்ணன். 2008இல் இந்தியா இலங்கை சென்று ஆடிய டெஸ்ட் தொடரில்தான் முதலில் சோதித்தார்கள். ஸ்டம்பை நோக்கி வந்த பந்தைக் கால் தடுத்ததற்காக அவுட் கொடுக்கும் எல்பிடபிள்யூவில் சிக்கல் வேறு மாதிரி. டென்னிஸில் பந்து விழுந்த இடம் உண்மையிலேயே இருக்கிறது. எல்பிடபிள்யூவிலோ பந்து காலில் பட்டு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு திரையில் நாம் பார்க்கும் பாதை நடக்கவே இல்லை. அது கணிப்பு. அதனால்தான் பந்தின் பாதிக்கும் குறைவான பகுதி ஸ்டம்பை உரசுவதாகக் காட்டினால், களத்தில் நடுவர் சொன்னதே நிற்கும். இந்த ‘அம்பயர்ஸ் கால்’ குழப்பத்தைத்தான் உண்டாக்குகிறது என்று விராட் கோலி 2021இல் விமர்சித்தார். ஸ்டம்பில் பட்டால் அவுட் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று ரசிகர்களும் கேட்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தன் கணிப்பு எவ்வளவு உறுதி என்பதை ஒப்புக்கொள்ளும் ஒரே முறை இதுதான். மற்ற விளையாட்டுகள் கிரிக்கெட்டிடம் கற்க வேண்டியதும் இதையே.

டிஆர்எஸ்ஸின் உண்மையான ஓட்டை ரிவ்யூ எண்ணிக்கைதான். 2019 ஹெடிங்லி டெஸ்டில் இங்கிலாந்துக்கு இரண்டே ரன் தேவை, கையில் ஒரே விக்கெட். ஆஸ்திரேலியாவின் லயன் வீசிய பந்து இங்கிலாந்தின் ஸ்டோக்ஸின் காலில் பட்டது. நடுவர் நாட் அவுட் என்றார். பந்து ஸ்டம்பில் பட்டிருக்கும் என்று திரை காட்டியது. முந்தைய ஓவரில்தான் ஆஸ்திரேலியா கடைசி ரிவ்யூவை வீணடித்திருந்தது. இங்கிலாந்து ஒரு விக்கெட்டில் வென்றது. உண்மை எல்லோருக்கும் தெரிந்தும் கேட்கும் உரிமை தீர்ந்துபோயிருந்தது. பேஸ்பாலின் புதிய முறைக்கும் இதே ஆபத்து உண்டு.

கால்பந்தில் ஆஃப்சைடு வரை கணினி நன்றாக உதவுகிறது; 2022 கத்தார் உலகக் கோப்பையில் 12 கேமராக்களும் பந்துக்குள் ஒரு சென்சாரும் அதைக் கவனித்தன. ஹேண்ட்பாலும் ஃபவுலும் அப்படியல்ல. அவற்றில் விதியைப் பொருத்திப் பார்க்கும் வேலை இருக்கிறது, அது நடுவரிடமே இருக்கட்டும்.

சரி, கிரிக்கெட்டுக்கு எதை எடுக்கலாம்? முழுத் தானியங்கி வேண்டாம், அம்பயர்ஸ் கால் இருக்கட்டும். ஆனால் பந்தில் பாதிக்கு மேல் ஸ்டம்பில் பட்டிருக்கும் என்று கணிப்பு உறுதியாகக் காட்டினால், அணியிடம் ரிவ்யூ மிச்சம் இருக்கிறதா என்று பார்க்காமல் மூன்றாவது நடுவர் தானாகவே தலையிட ஐசிசி அனுமதிக்க வேண்டும். நோ-பாலை இன்று அவர் அப்படித்தானே பார்க்கிறார்?