அம்மா அறைக்கு எந்த ரோஸ்?

அம்மாவின் அறைக்கு ரோஸ் அடிக்க வேண்டும் என்றதும் பெயிண்டர் கேட்ட முதல் கேள்வி: "கல்யாண மண்டப ரோஸா, நர்சரி பள்ளிக்கூட ரோஸா?" இரண்டும் வேண்டாம், கண்ணை உறுத்தாமல் அடங்கி இருக்க வேண்டும் என்றேன். "அப்படியானால் அதை ரோஸ் என்று ஏன் சொல்கிறீர்கள்?" என்றார். மூன்று வாரம் நிற அட்டைகளோடு மாரடித்த பிறகுதான் அவர் கேள்வியின் நியாயம் புரிந்தது. அடங்கிய ரோஸ் என்றால் அதை அடக்கி வைத்திருக்கும் இன்னொரு நிறம் உள்ளே இருக்கிறது. அது சாம்பலும் ஊதாவுமா, காவியும் பழுப்புமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அறை காட்பாடி காந்தி நகரில், மாடியில். 12 அடிக்கு 11 அடி, உயரம் 10 அடி. மேற்கே பெரிய சன்னல், கீழே பழைய சிவப்பு ஆக்சைடு தரை. அம்மா ஆரணியிலிருந்து எங்களோடு வந்து தங்குவது முடிவானபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: தன் கல்யாணப் பட்டின் உடல் நிறம். புடவைக் கடையில் அதை வெங்காயக் கலர் என்பார்கள். சின்ன வெங்காயத்தின் உள்தோலை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியுமே, ஊதா ஓடிய ரோஸ், அது. எதிர்க்கட்சியாக நான் நிறுத்தியது காவி ரோஸ். பழைய வீட்டை இடிக்கும்போது செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த காரை உதிருமே, ஏறக்குறைய அந்த நிறம். இங்கிலாந்தில் ஃபாரோ அண்ட் பால் என்ற பெயிண்ட் நிறுவனம் இதே குடும்பத்து நிறம் ஒன்றுக்கு 'செட்டிங் பிளாஸ்டர்' என்று பெயர் வைத்திருக்கிறது. அவர்கள் ஊரில் ஜிப்சம் பூச்சு காயும்போது ரோஸாக இருக்கும். நம் ஊர் சிமெண்டுப் பூச்சைப் பார்த்து அப்படி ஒரு பெயர் யாருக்கும் தோன்றாது.

போட்டியில் இன்னும் இரண்டு இருந்தன, சீக்கிரமே கழன்றுகொண்டன. ஒன்று, வெள்ளையில் ரோஸ் சாடை மட்டும் காட்டும் பால் ரோஸ். சித்திரை மாதத்துப் பகல் இரண்டு மணிக்கு வேலூர் வெயிலில் அது வெறும் வெள்ளை. இன்னொன்று, சுண்ணாம்பில் காவி கலந்து அடிப்பது. குடியாத்தத்தில் சித்தி வீட்டுத் திண்ணையில் பார்த்திருக்கிறேன். அழகில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் ஒட்டும். ஏற்கெனவே எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது, சுரண்டி எடுத்தாக வேண்டும். கட்டிலை ஒட்டிய சுவருக்கு அது ஆகாது.

வெங்காயக் கலரை எடைபோட எனக்குத் தகுதி உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் கூடத்தின் ஒரு சுவருக்கு அதைத்தான் அடித்தோம். மாலை ஆறு மணிக்கு மஞ்சள் விளக்கு போட்டதும் அந்தச் சுவர் பட்டுப் புடவை போலவே இருக்கும், பொய் சொல்லக் கூடாது. வந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வெள்ளை டியூப் லைட்டைப் போட்டால் ஊதா முன்னால் வந்துவிடுகிறது. கடையில் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் ஏற ஏற நீலம் கூடும்) என்று அச்சடித்து விற்கும் எல்.இ.டி. எல்லாம் நீலம் கலந்த வெளிச்சம். அதன் கீழ் வெங்காயக் கலர் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஆகிவிடும். காவி ரோஸில் இழுத்துக் காட்ட அவ்வளவு ஊதா இல்லை; கொஞ்சம் வெளிறும், அவ்வளவுதான். மஞ்சள் விளக்கில் அது பீச் பழ நிறத்துக்கு நகர்கிறது, அது எனக்கு உறுத்தவில்லை. அம்மா அறையில் இப்போது நடுத்தரமான 4000 கெல்வின் விளக்கு.

இவையெல்லாம் ரசனை சமாச்சாரம், ஆளுக்கு ஆள் மாறும். என்னைக் காவி ரோஸ் பக்கம் திருப்பி, அம்மா அறைக்கு அதையே அடிக்க வைத்தது ஒட்டுப்போடும் வேலை.

சுவர் என்றால் அடி படும். காலண்டர் ஆணி இடம் மாறும், நாற்காலி முதுகு உரசும், எலெக்ட்ரீஷியன் புதிதாக ஒரு பிளக் பாயிண்டுக்காகச் சுவரை வெட்டுவார். மொத்தச் சுவரையும் மறுபடி அடிக்காமல், உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் பட்டி (துளையை அடைக்கும் மாவு) வைத்து, உப்புத்தாள் தேய்த்து, மேலே ஒரு தொடு கொடுத்தால் அது தெரியாமல் போகிறதா என்பதுதான் ஐந்தாண்டுக் கணக்கில் செலவைத் தீர்மானிக்கிறது. கூடத்துச் சுவரில் இரண்டாவது ஆண்டு இப்படி நான்கு இடத்தில் தொட்டோம். அதே டப்பாவில் மீந்த பெயிண்ட்தான். நான்கும் இன்றுவரை தெரிகின்றன. நேரே நின்றால் லேசாக, சோபாவில் உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்தால் அம்மைத் தழும்பு போல.

இதில் ஒரு பாதிப் பழி நிறத்தின் மேல் விழக் கூடாது. கூடத்தில் அடித்தது பளபளப்புக் கொண்ட எமல்ஷன், அம்மா அறையில் அடித்தது மேட், அதாவது பளபளப்பு இல்லாதது. பளபளப்புச் சுவரில் புதிதாகத் தொட்ட இடம் வெளிச்சத்தை வேறு மாதிரி திருப்பும். எந்த நிறமானாலும் அந்தப் பட்டை தெரியும். மேட் சுவர் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் ஒட்டு கரைந்துவிடும், பட்டி பார்த்ததில் உள்ள மேடுபள்ளமும் மறையும். ஆகவே இரண்டையும் ஒரே பூச்சில் வைத்து ஒப்பிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

மீதிப் பாதிப் பழி நிறத்தினுடையதே. கடையில் இயந்திரம் வெள்ளை பேஸில், அதாவது நிறம் சேர்க்காத பெயிண்டில், சாயம் சொட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வெங்காயக் கலருக்கு மெஜந்தா, கறுப்பு, இன்னும் ஏதோ ஒன்று விழும். காவி ரோஸுக்குப் பெரும்பாலும் சிவப்பு ஆக்சைடும் மஞ்சள் ஆக்சைடும், துளி கறுப்பும். சிவப்பு ஆக்சைடு என்பது இரும்பு ஆக்சைடு, அதாவது துருவுக்குப் பங்காளி. அது ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்து முடிந்துபோன பொருள். வெயில் வந்து அதை இன்னும் கெடுக்க ஒன்றும் இல்லை. சுண்ணாம்பின், சிமெண்டின் காரமும் அதை ஒன்றும் செய்யாது. கோயில் மதிலில் காவிப் பட்டை வருடக்கணக்கில் நிற்பது இதனால்தான். கரிமச் சிவப்புகள் (மெஜந்தா போன்ற, கார்பன் சேர்ந்த சாயங்கள்) எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை, குவினாக்ரிடோன் வகை நன்றாகவே தாங்கும். ஆனால் அந்தக் கூட்டத்திலேயே வெளுத்துப்போகிறவையும் உண்டு. உங்கள் டப்பாவில் விழுவது எது என்று கடைக்காரருக்கே தெரிந்திருப்பது அபூர்வம். கூடத்துச் சுவரில் பால்கனிக் கதவுப் பக்கம் வெயில் படும் இடத்தின் நிறம் மற்றதைவிட ஒரு படி வெளுத்திருக்கிறது. டப்பாவில் இருந்த பெயிண்ட் வெளுக்கவில்லை. அப்புறம் ஒட்டு எப்படிச் சேரும்?

அம்மா அறையில் போன தை மாதம் காலண்டர் ஆணியை ஒரு முழம் தள்ளி அடித்தோம். பழைய துளையில் பட்டி வைத்து, பிரஷ் வேண்டாம் என்று சின்ன ரோலராலேயே இரண்டு தடவை தொட்டேன். இப்போது அந்த இடத்தைக் காட்டச் சொன்னால் எனக்கே தடவிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பாலாற்றுப் பக்கமிருந்து வீசும் புழுதியும் செம்மண் சாடைதானே. சுவரில் படிந்தாலும் ஒரே குடும்பம் போல அடங்கிவிடுகிறது. ஊதா ரோஸில் அதே புழுதி அழுக்காகத் தெரியும்.

காவி ரோஸுக்கு, சரியாகச் சொன்னால் மேட் பூச்சுக்கு, ஒரு தோல்வியும் உண்டு. அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கட்டிலில் சாய்ந்து பேப்பர் படிப்பாள். மூன்றே மாதத்தில் தலை படும் உயரத்தில் முறம் அளவுக்கு ஒரு கருங்கறை. ஈரத் துணியால் தேய்த்தேன். கறை போகவில்லை, தேய்த்த இடம் பளபளத்ததுதான் மிச்சம். பளபளப்பு எமல்ஷனாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்திருக்கலாம். எண்ணெய் ஏறிய இடத்தில் மேலே அப்படியே பெயிண்ட் அடித்தாலும் கறை ஊறி வெளியே வரும். முதலில் கறையை மூடும் பிரைமர் ஒரு கை கொடுக்க வேண்டும். கொடுத்தோம், தொட்டோம், மறைந்தது. பிறகு கட்டிலின் தலைமாட்டில் ஒரு பலகை அடித்துவிட்டோம். சமையலறைக்கு இந்த மேட் ரோஸைக் கேட்காதீர்கள், நான் அங்கே முயன்றதே இல்லை.

அட்டையைப் பார்த்து நிறம் தேர்வதில் நானும் ஏமாந்தேன். நான்கு சுவரும் ஒன்றின்மேல் ஒன்று நிறத்தை வீசும், சிவப்புத் தரை கீழிருந்து தன் பங்குக்கு வீசும். அட்டையில் மண் போலச் செத்துக் கிடந்தது அறையில் ரோஸாக எழுந்தது. அட்டையில் அழகிய ரோஸ் அறையில் பஞ்சுமிட்டாய் ஆகியிருக்கும். இரண்டு சார்ட் பேப்பரில் இரண்டு கை அடித்து, காலை, நடுப்பகல், இரவு என்று சுவர் சுவராக ஒட்டிப் பார்த்ததால் தப்பித்தேன். நேரே சுவரில் திருநீற்றுப் பட்டை போல மூன்று நிறம் இழுத்தால் ஒன்றின் சாயல் மற்றதைக் கெடுக்கும்.

நான்கு லிட்டர் வாங்கியது இரண்டு கைக்குப் போதுமானதாக இருந்தது, அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக மீந்தது. மூடியில் ஒட்டியிருந்த கலவைச் சீட்டைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். கூடத்துக்கு வாங்கியபோது அது தோன்றவில்லை. பின்னால் அதே கடையில் பெயரைச் சொல்லி வாங்கிய சின்ன டப்பா ஒரு சாயல் தள்ளி வந்தது. மாற்றித் தர மறுத்துவிட்டார்கள்.

அம்மா அறைச் சுவர் பார்த்தது இரண்டு கத்திரி வெயில், இரண்டு ஐப்பசி மழை. ஐந்தாம் ஆண்டில் எப்படி இருக்கும் என்பதை இரும்பு ஆக்சைடின் நற்பெயரை நம்பித்தான் சொல்கிறேன். மாடி அறை என்பதால் தரையிலிருந்து ஏறும் ஈரமும் இல்லை. கீழ்த்தளச் சுவரில் உப்புப் பூத்தால் வெள்ளைத் திட்டு இரண்டு ரோஸிலும் ஒரே மாதிரி அசிங்கமாகத்தான் தெரியும். அங்கே முதலில் ஈரத்துக்கு வழி பார்க்க வேண்டும்.

கூடத்துச் சுவரையும் இந்தப் போகிக்குள் காவி ரோஸாக்கிவிடலாம் என்று இருந்தேன். அம்மா ஒப்பவில்லை. தன் அறைக்கு நான் அடித்ததை "மண் கலர்" என்றுதான் இன்றும் சொல்கிறாள். மாலையானால் கூடத்தில் மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு, அந்த நான்கு தழும்புகளும் தெரியாத கோணத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருகிறாள்.