கோவா படகா, கப்பலா, சிங்கப்பூரா? கேசினோ இன்டர்வியூவுக்குக் கிளம்பும் முன்

சென்னையில் கேசினோ என்றால் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அண்ணா சாலைப் பக்கத்துத் தியேட்டர்தான் ஞாபகம் வரும். லாட்டரிச் சீட்டையே 2003-ல் தடை செய்த மாநிலம் இது. இங்கே சூதாட்ட மேசைக்கு இடமே கிடையாது. ஆனாலும் தரமணியில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடித்த பிள்ளைகளும் கிண்டிப் பக்கத்து ஹோட்டல்களில் இரண்டு வருடம் டிரே தூக்கிய பிள்ளைகளும் "அண்ணா, கேசினோ ரிசார்ட்ல இன்டர்வியூ, போகலாமா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். நான் ஹவுஸ்கீப்பிங்கிலும் ஃப்ரன்ட் ஆபீஸிலும் பல வருடம் இருந்தவன். இப்போது பெரம்பூரில் சாயங்காலம் நாலைந்து பேருக்கு மாதிரி நேர்காணல் வைக்கிறேன். போகலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கேசினோ, அதில் எந்த வேலை?

மேசையில் சீட்டுப் போடும் டீலர் வேலைதான் வேண்டும், அனுபவம் எதுவும் இல்லை என்றால் கோவா. 1976-ல் வந்த சூதாட்டச் சட்டத்தில் 1996-ல் செய்த திருத்தம்தான் அங்கே படகுக் கேசினோக்களுக்கு வழிவிட்டது. பணஜியில் மாண்டோவி ஆற்றில் நங்கூரமிட்டு நிற்கும் பெரிய படகுகளில்தான் உண்மையான மேசை ஆட்டம். கரையில் உள்ள ஐந்து நட்சத்திர ஹோட்டல்களுக்கு மெஷின் ஆட்டம் மட்டும்தான். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். புதியவர்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து மேசைக்கு அனுப்பும் வழக்கமும் உண்டு.

இங்கே நேர்காணல் என்பது பேச்சை விடக் கணக்கு. ரூலெட் என்பது எண் போட்ட சக்கரத்தைச் சுழற்றும் ஆட்டம், சிப் என்பது அதில் காசுக்குப் பதிலாக வைக்கும் வட்ட வில்லை. ஒரே எண்ணில் வைத்த சிப்புக்கு 35 மடங்கு, இரண்டு எண்ணுக்கு நடுவே வைத்ததற்கு 17, மூன்று எண் வரிசைக்கு 11, நாலு எண் மூலைக்கு 8. "ஒரே எண்ணில் மூன்று சிப், இரண்டு எண்ணுக்கு நடுவே நாலு சிப், எவ்வளவு கொடுக்கணும்?" என்று கேட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். 105-ம் 68-ம் சேர்ந்து 173. இதைப் பேப்பர் பேனா இல்லாமல், எதிரில் ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போது சொல்ல வேண்டும். 17-ஆம் வாய்ப்பாடு தெரியாமல் ரயில் ஏறாதீர்கள்.

அடுத்தது கை. இருபது சிப் அடுக்கை ஒரே கையால் ஐந்து ஐந்தாகப் பிரித்து வைக்கத் தெரிந்திருந்தால், அனுபவம் இல்லாதவருக்கும் மதிப்புக் கூடும். எங்கள் தெருத் தம்பி ஒருவன் இதற்கு கேரம் காய்களை வைத்துப் பழகுகிறான். கருப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, சிவப்பு ஒன்று, மொத்தம் 19. இருபதாவதுக்கு ஸ்ட்ரைக்கரை அடியில் வைத்துக்கொள்கிறான். அது கொஞ்சம் பெரிதாக இருப்பதால் அடுக்கு ஆடுகிறது, ஆனால் சுண்டுவிரல் நன்றாகப் பழகிவிட்டது. கேரம் ஆடி வளர்ந்த வடசென்னைக் கைக்கு இது அந்நியம் இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. மேசையை விட்டுக் கிளம்பும் டீலர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, புறங்கையையும் திருப்பி, தலைக்கு மேல் இருக்கும் கேமராவுக்குக் காட்டிவிட்டுத்தான் நகர்வார். அதனால் இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்கும்போது பேன்ட் பாக்கெட்டில் கையை விடும் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். நகம், மோதிரம், மணிக்கட்டுக் கயிறு, எல்லாம் பார்வையில் படும். கோயில் கயிறைக் கழற்றச் சொன்னால் கோபப்படக் கூடாது.

கோவாவின் பலவீனம் வேறு. கேசினோக்கள் மீதான 28 சதவீத ஜிஎஸ்டியைக் கணக்கிடும் முறை 2023 அக்டோபரில் மாறியபோது ஒரு அடி விழுந்தது, 2025 செப்டம்பரில் அந்த வீதமே 40 ஆனது. முதலாளிக்கு இறுக்கம் வந்தால் முதலில் குறைவது ஆட்கள்தான். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கேட்டு வராதீர்கள். டிப்ஸ் எப்படிப் பங்கிடுகிறார்கள், பயிற்சிக் காலத்தில் பங்கு உண்டா, தங்குமிடத்துக்குப் பிடித்தம் எவ்வளவு, இந்த மூன்றையும் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டதற்காக வேலை போகாது.

கப்பல் இதற்கு நேர்மாறு. பயணிகள் கப்பலில் கேசினோ இருந்தாலும் துறைமுகத்தில் நிற்கும்போது பொதுவாக மேசைகளை மூடிவிடுவார்கள், கடலில் தூரம் போன பிறகுதான் திறப்பார்கள். அதனால் ரெஸ்டாரன்ட்டில் வேலை செய்பவனை விட டீலருக்குத் துறைமுகத்தில் ஊர் சுற்ற நேரம் கிடைக்கும். கப்பல் ஆட்கள் இதை ஒரு பொறாமையோடுதான் சொல்வார்கள். சாப்பாடு, அறை இலவசம். ஒப்பந்தம் ஆறு முதல் ஒன்பது மாதம். விடுமுறை மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது என்பதைப் பல பேர் வீட்டுக்கு வந்து இரண்டாவது மாதத்தில்தான் உணர்கிறார்கள்.

அனுபவம் இல்லாமல் கப்பலில் டீலராகப் போவது கடினம். ஆனால் ஹவுஸ்கீப்பிங், பார், சமையலறைக்குக் கதவு திறந்திருக்கிறது. அங்கே ஆங்கிலமும் பொறுமையும்தான் பரீட்சை. "வாரம் ஏழு நாளும் வேலை, ஒரு சின்ன அறையில் வேறு நாட்டுக்காரர் ஒருவருடன் படுக்கை. தீபாவளி, பொங்கல் இரண்டும் கடலில். சரியா?" என்று நேராகவே கேட்பார்கள். உடனே தலையாட்டாமல், முன்பு எங்கே வீட்டை விட்டு இருந்தீர்கள், எவ்வளவு நாள் என்று சொல்லுங்கள். ஹாஸ்டலில் மூன்று வருடம் இருந்ததும் கணக்கில் வரும்.

தேர்வான பிறகு அலைச்சல் ஆரம்பம்: பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், கப்பல் பணியைப் பதியும் சிடிசி புத்தகம், மருத்துவப் பரிசோதனை. கப்பல் அமெரிக்கத் துறைமுகம் தொடுவதாக இருந்தால் ஜெமினி மேம்பாலத்துக் கான்சுலேட்டில் கப்பல் ஊழியருக்கான சி1/டி விசாவுக்கு இன்னொரு நேர்காணல். இந்தச் செலவில் எது கம்பெனியுடையது, எது நம்முடையது என்று முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள். சாப்பாடு, வாடகைச் செலவு இல்லாமல் சேர்த்து வீட்டுக் கடனை அடைக்க வேண்டிய பையனுக்கு என் ஓட்டு கப்பலுக்குத்தான்.

சிங்கப்பூர்தான் எல்லோருக்கும் கனவு. மரினா பே சாண்ட்ஸ், ரிசார்ட்ஸ் வேர்ல்ட் சென்டோசா இரண்டும் 2010-ல் திறந்தவை. ஹோட்டல், மால், தியேட்டர் என எல்லாம் ஒரே வளாகத்தில், கேசினோ அதில் ஒரு பகுதிதான். கேசினோ தளத்தில் வேலை செய்ய அந்த நாட்டுச் சூதாட்ட ஒழுங்கு ஆணையத்தின் தனி உரிமம் வேறு வேண்டும், அதற்குப் பின்னணி விசாரணை உண்டு. ஆகவே நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஹோட்டல் பக்கத்து வேலைகளைத்தான்.

இங்கே நீங்கள் போட்டி போடுவது வேலைக்கு அல்ல, அனுமதிச் சீட்டுக்கு. சேவைத் துறையில் ஒரு நிறுவனம் மொத்த ஆட்களில் 10 சதவீதம் வரைதான் எஸ் பாஸில், அதாவது இடைநிலைத் திறன் உள்ள வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில், வைத்திருக்கலாம். 2025 செப்டம்பர் முதல் புதிதாக எஸ் பாஸ் கேட்பவருக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,300 சிங்கப்பூர் டாலர். வயது கூடக் கூட அந்தத் தொகையும் கூடும். அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் மாதம் 650 டாலர் லெவியை முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டும், அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. இவ்வளவு செலவு செய்து ஒருவரை எடுக்கும் மேனேஜர், படித்து முடித்த கையோடு வருபவரை எதற்கு எடுப்பார்? இரண்டு மூன்று வருட ஐந்து நட்சத்திர அனுபவம் இல்லாமல் சிங்கப்பூருக்கு விண்ணப்பம் போடுவது நேர விரயம் என்பது என் கருத்து. ஹோட்டல் ஹவுஸ்கீப்பிங், போர்ட்டர் வேலைகளுக்கு 2023 செப்டம்பர் முதல் இந்தியர்களுக்கு வொர்க் பர்மிட் என்ற இன்னொரு அனுமதி வழியும் உண்டு. சம்பளம் குறைந்தது 2,000 டாலர்.

கேள்விகள் எப்படி இருக்கும்? நான் மாதிரி நேர்காணலில் தவறாமல் கேட்பது இது: "ரூமைச் சுத்தம் செய்யும்போது பெட்ஷீட் மடிப்பில் ஒரு சிப் கிடக்கிறது. என்ன செய்வாய்?" பத்தில் ஏழு பேர் "ரிசப்ஷன்ல கொடுத்துடுவேன் சார்" என்கிறார்கள். அது பாதி பதில். சிப் என்பது காசு. அதை எடுத்துக்கொண்டு லிஃப்ட்டில் இறங்குவதே தப்பு. அங்கிருந்தே சூப்பர்வைசருக்குப் போன் செய்து, அவர் வந்ததும் அவர் முன்னால் எண்ணி, அறை எண்ணும் நேரமும் எழுதி ஒப்படைப்பேன் என்று சொல்கிறவன்தான் தேறுவான். தோற்றுவிட்டு வந்து ரிசப்ஷனில் கத்தும் விருந்தாளியைப் பற்றியும் கேட்பார்கள். எவ்வளவு தோற்றார் என்று மட்டும் விசாரிக்காதீர்கள்.

ராஸ் அல் கைமாவில் 1,500-க்கும் மேற்பட்ட அறைகளோடு வின் (Wynn) என்ற அமெரிக்கக் கேசினோ நிறுவனத்தின் ரிசார்ட் 2027-ல் திறக்கத் திட்டம். ஐக்கிய அமீரகத்தின் முதல் கேசினோ உரிமம் அவர்களுக்குத்தான், 2024-ல் கொடுத்தது. ஒரு ஹோட்டல் திறக்கும்போது ஆள் எடுப்பது போல வேறெப்போதும் எடுக்க மாட்டார்கள். எந்த இடமும் இன்னும் அமையாதவர்கள் இதன் மேல் ஒரு கண் வைக்கலாம்.

எங்கே போனாலும் ஏஜென்ட் விவகாரத்தில் ஏமாறாதீர்கள். நானே இருபத்திமூன்று வயதில், தி.நகர் மாடியறை ஒன்றில், பெயர் வேண்டாம், மெடிக்கலுக்கு என்று 15,000 ரூபாய் கட்டிவிட்டு மறுமாதம் போனபோது பூட்டைத்தான் பார்த்தேன். இந்தியச் சட்டப்படி பதிவு செய்த ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். பதிவு உண்டா என்பதை மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையிலேயே இருக்கிறது. "இப்போதைக்கு விசிட் விசாவில் போங்க" என்பவரிடமும், தட்டச்சு வேகம் மட்டும் பார்த்துவிட்டு தாய்லாந்தில் கேசினோ வேலை என்பவரிடமும் பேச்சை வளர்க்காதீர்கள். 2022-ல் இப்படிப் போய் மியான்மரில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீண்டவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு.

கேரம் காய் தம்பிக்குப் பணஜியில் அடுத்த வாரம் நேர்காணல். 17-ஆம் வாய்ப்பாடு முடித்துவிட்டான். அவன் அம்மாவுக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை. பெண் பார்க்கும்போது ஜாதகத்தோடு பையனுக்கு என்ன வேலை என்று எழுதிக் கொடுப்பது என்று என்னிடம் கேட்டார். "ஹோட்டல் லைன்" என்று எழுதச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.