‘தொட்டி அளவுக்குத்தான் வளரும்’ என்றார்கள்: என் இரண்டு மாதச் சம்பளமும் மூன்று மீன்களும் போய்விட்டன

இன்று காலை மூன்றாவதாகச் செத்த மீனை மண்ணில் புதைத்துவிட்டு வந்து எழுதுகிறேன். கை இன்னும் நடுங்குகிறது, கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய மீன் வளர்க்கும் ஆசையில் யாராவது இப்போது முன்பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். எட்டு மாதத்தில் எனக்குப் போனது இரண்டு மாதச் சம்பளம். வாங்கும் முன் கவனிக்க வேண்டியதையெல்லாம் கடைசியில் வரிசையாக எழுதுகிறேன்.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வீடியோ போட்டு ஆள் சேர்த்து, பெரிய மீன்களைத் தொட்டியோடு செட்டாக விற்கும் ஆன்லைன் கடை. இந்த மாதிரி நிறைய இருக்கின்றன. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்.

அவர்கள் வீடியோவில் ஒரு ரெட் டெயில் கேட்ஃபிஷ் குட்டி. கட்டைவிரலை விடக் கொஞ்சம் நீளம், கருத்த முதுகு, வாயிலிருந்து வால் வரை பக்கவாட்டில் வெள்ளைப் பட்டை, வாலில் அப்போதுதான் சிவப்பு ஏறத் தொடங்கியிருந்தது. மீசையை ஆட்டிக்கொண்டு கண்ணாடி ஓரமாக வந்து நின்றது. என் மகள் அதைப் பார்த்துவிட்டு இரண்டு வாரம் அதே பேச்சு. சரி என்று அந்தக் கடையைக் கூப்பிட்டேன்.

பேசிய பையன் அவ்வளவு தன்மையாகப் பேசினான். வீடியோ காலில் தொட்டிகளை ஒவ்வொன்றாகக் காட்டினான். நான் ஒன்றும் விசாரிக்காமல் வாங்கவில்லை. “இது பெரிசாகுமே தம்பி, வீட்டுக்குள்ள தாங்குமா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் ஆத்துல இருக்கும்போதுக்கா. தொட்டியில விட்டா தொட்டி அளவுக்குத்தான் வளரும்.”

“ஒருவேளை வளர்ந்துட்டா?”

“நாங்க எதுக்குக்கா இருக்கோம்? நாங்களே திரும்ப எடுத்துக்குவோம். எத்தனை பேர்கிட்ட எடுத்திருக்கோம்.”

அப்புறம் திரையில் என் மகளைப் பார்த்துவிட்டு, “பாப்பா, மீனுக்கு என்ன பேரு வைக்கப் போற?” என்று கேட்டான். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அந்த நொடியில்தான் நான் விழுந்தேன். குழந்தையிடம் இப்படிப் பேசுகிற பையன் பொய் சொல்வானா என்று நினைத்தேன். எழுதித் தருவீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது. அவனுக்கு மனசு சங்கடமாகுமே என்று கேட்காமல் விட்டேன். அன்று ராத்திரியே முழுத் தொகையும் அனுப்பினேன். என் இரண்டு மாதச் சம்பளம். அவசரத்துக்கு என்று தனியாக வைத்திருந்த பணம்.

வந்தது இதுதான்: நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி, ஸ்டாண்டு, லைட், தொட்டிக்குள் மாட்டும் ஒரு சின்ன ஃபில்டர், ஒரு ரெட் டெயில், மூன்று ‘ஷார்க்’. தொட்டி வந்த அன்றே மீனும் வந்தது. ஒரு பாட்டில் திரவம் கொடுத்து, இதை ஊற்றிவிட்டு உடனே மீனை விடலாம் என்றார்கள். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதற்கு முன் மீனை விட்டால் அது தன் கழிவிலேயே வெந்துபோகும் என்று எனக்கு அப்போது தெரியாது. விற்கிறவனுக்குத் தெரியும். முதல் மாதம் தண்ணீர் பால் மாதிரி கலங்கிக் கிடந்தது. தினமும் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றித்தான் நாலையும் பிழைக்க வைத்தேன்.

அந்த ஷார்க் சுறாவே இல்லை. கெளுத்தி இனம். மீகாங் ஆற்று மீன், இறைச்சிக்காகப் பண்ணைகளில் வளர்ப்பது, ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். ஆற்றில் கூட்டமாக வெகுதூரம் போய்வரும் மீன். அதைத்தான் நாலடிப் பெட்டியில் போட்டு, உடம்பு பளபளக்கிறது, பார்க்கச் சுறா மாதிரி இருக்கிறது என்று விற்கிறார்கள். ரெட் டெயில் இன்னும் மோசம். அமேசான், ஒரினோகோ ஆறுகளின் மீன். 50 கிலோவுக்கு மேல் எடையுள்ளவை பிடிபட்டிருக்கின்றன. தொட்டியிலேயே மூன்றடியைத் தாண்டும், 15 ஆண்டுக்கு மேல் உயிரோடு இருக்கும். இதெல்லாம் ரகசியம் இல்லை. நான் பணம் கட்டிய பிறகு தேடிப் படித்தேன், கட்டும் முன் படித்திருக்க வேண்டும்.

என் மகள் மாதாமாதம் முதல் தேதி ரெட் டெயில் கண்ணாடி ஓரமாக வரும்வரை காத்திருந்து, அடிஸ்கேல் வைத்து அளந்து, வெளிப்பக்கம் மார்க்கரில் கோடு போடுவாள். முதல் கோடு 7 செ.மீ. இரண்டாம் மாதம் 13. ஐந்தாம் மாதம் 28. ஆறாம் மாதம் அவளுடைய 30 செ.மீ. அடிஸ்கேல் பத்தவில்லை, தையல் டேப்பை எடுத்து வந்தாள். எட்டாம் மாதம் 42. தொட்டியின் அகலமே 45 செ.மீ.தான். திரும்ப வேண்டும் என்றால் உடம்பை வில்லாக வளைத்து, வால் ஒரு கண்ணாடியில் உரச, தலை இன்னொரு கண்ணாடியில் இடிக்கத் திரும்புகிறது. ஒவ்வொரு தடவையும் பார்க்க எனக்கு முதுகு வலிக்கிறது.

நீளம் ஆறு மடங்கு ஆனால் எடையும் ஆறு மடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். நீளத்தோடு அகலமும் பருமனும் சேர்ந்து கூடுகின்றன, ஆறு ஆறு முப்பத்தாறு, அதையும் ஆறால் பெருக்கினால் இருநூறு மடங்குக்கு மேல். தின்பதும் கழிப்பதும் அதற்கேற்பக் கூடும். ஆனால் தொட்டி அதே 9 கன அடி, விளிம்பு வரை நிரப்பினாலும் 255 லிட்டர். ஃபில்டரும் குட்டிகளுக்கு மாட்டிய அதே பொம்மை ஃபில்டர்.

தொட்டி அளவுக்குத்தான் வளரும் என்பது பச்சைப் பொய். மீன் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க வளரும் பிராணி. கெட்ட தண்ணீரில் அடைத்து வைத்தால் வளர்ச்சி தடைபடும், முதுகெலும்பு கோணும், பாதி ஆயுளில் சாகும். அப்படிச் சாகிற மீனைக் காட்டித்தான் ‘பார், வளரவில்லை’ என்கிறார்கள்.

ஐந்தாம் மாதம் ஒரு காலை தொட்டியில் மூன்று மீன்தான் இருந்தன. ரெட் டெயில் வயிறு உப்பி அடியில் கிடந்தது, வாயோரத்தில் ஒரு ஷார்க்கின் வால் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வாய்க்குள் போகிற எதையும் அது விழுங்கும், அதன் குணம் அது. மீனைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டு விற்றவனைச் சொல்கிறேன். மகள் பள்ளிக்குப் போகவில்லை, அழுதுகொண்டே இருந்தாள்.

அன்றுதான் முதல் தடவை கடைக்குப் போன் போட்டேன். “அக்கா, நீங்க பட்டினி போட்டிருப்பீங்க” என்றான். அடுத்த மாதம், வளர்ந்துவிட்டது, சொன்னபடி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டபோது, “சாப்பாட்டைக் குறைங்க, வளர்ச்சி நின்னுடும்” என்றான். இரண்டையும் சொன்னது ஒரே ஆள்! எடுத்துக்கொள்வதைப் பற்றி மறுபடி கேட்டேன். “இப்ப இடம் இல்லக்கா, அடுத்த மாசம் பாக்கலாம்.” அடுத்த மாதம், “மீனை நீங்களே பேக் பண்ணி அனுப்பணும், வழியில செத்தா நாங்க பொறுப்பில்ல.” அதற்கும் சரி என்றேன். உடனே பேச்சு மாறியது: “எதுக்கு அனுப்பறீங்க? ஆறடித் தொட்டி இருக்கு, உங்களுக்காக விலை குறைச்சுத் தரேன்.”

ஆறடித் தொட்டி என்றால் 6×2×2, 680 லிட்டர். தண்ணீரின் எடை மட்டும் 680 கிலோ. அதுவும் இந்த மீனுக்கு ஒரு வருஷம் தாங்கினால் பெரிசு. முழுதாக வளர்ந்த ஒன்று நிம்மதியாகத் திரும்பி நீந்த 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழம் என்று ஒரு சின்னக் குளமே வேண்டும், 5,000 லிட்டருக்கு மேல். அதுவே போதாது என்கிறவர்களும் இருக்கிறார்கள். என்னை ஏமாற்றி வாங்கிய இரண்டு மாதச் சம்பளம் போதாதென்று இன்னும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு அடி போட்டார்கள்.

வேண்டாம் என்றதும் பதில் நின்றுபோனது. அனுப்பும் செய்திக்கு நீல டிக் மட்டும் வரும். வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டால், “சேல்ஸ் டீம் பேசுவாங்க மேடம்.” அதுவரை அக்கா, அன்றிலிருந்து மேடம். வீடியோவின் கீழ் நடந்ததை எழுதினேன், பத்து நிமிடத்தில் அழித்துவிட்டார்கள்.

போன வாரம் மீதியிருந்த இரண்டு ஷார்க்கில் ஒன்றின் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். வேறு வழி தெரியாமல் அவர்களிடமே கேட்டேன். ஒரு மருந்தின் பெயரை அனுப்பி, ஃபுல் டோஸ் போடுங்க என்று ஒரே வரி. போட்டேன். மறுநாள் அது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது, செவுள் மட்டும் வேகமாக அடித்தது, மதியத்துக்குள் முடிந்துவிட்டது. மருந்து டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில், செதில் இல்லாத மீன்களுக்குப் பாதி அளவு என்று போட்டிருந்தது. ஷார்க்குக்கும் ரெட் டெயிலுக்கும் செதில் கிடையாது. அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்கி அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். சுழியம் என்றால் மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர் பச்சையாக மாறியது. புள்ளி நோயும், அம்மோனியாவும், மருந்தும் சேர்ந்து அதை முடித்திருக்கின்றன.

கடைசி ஷார்க் நேற்று ராத்திரி. இந்த மீன்கள் கூட்டத்தோடுதான் தைரியமாக இருக்கும், தனியாக விட்டால் நிழல் அசைந்தாலே மிரளும். ஏற்கெனவே கண்ணாடியில் முட்டி முட்டி அதன் மூக்கு வெளுத்துத் தேய்ந்திருந்தது. நான் தண்ணீர் குடிக்க எழுந்து லைட்டைப் போட்டேன். ‘டம்’ என்று சத்தம். முழு வேகத்தில் பக்கக் கண்ணாடியில் மோதி, தலைகீழாக மெதுவாகக் கீழே இறங்கியது. கையில் ஏந்திக்கொண்டு பம்ப் காற்றுக்கு நேரே வைத்துப் பார்த்தேன். விடியும் முன் செவுள் நின்றுவிட்டது. மகள் எழுந்ததும் என்ன சொல்வது என்று தெரியாமல் அவள் எழும் முன்பே புதைத்துவிட்டேன்.

காலையில் கடைக்கு ஒரு படம் அனுப்பினேன். ஒற்றை டிக். பிளாக் செய்துவிட்டார்கள்.

வரிசையாக எழுதுகிறேன் என்றேன். இப்போது நினைவுக்கு வருவது இவ்வளவுதான். குட்டியின் அளவைப் பார்க்காதீர்கள், அது வளர்ந்தால் எவ்வளவு என்று பணம் கொடுக்கும் முன் நீங்களே தேடிப் பாருங்கள். தொட்டியின் அகலம் வளர்ந்த மீனின் நீளத்தை விடக் குறைவாக இருந்தால் அந்த மீன் உங்களுக்கு வேண்டாம். திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றால், எந்தத் தேதிக்குள், யார் செலவில் என்று எழுத்தில் வாங்குங்கள், தராதவனிடம் வாங்காதீர்கள். மீன் இல்லாமல், பாக்டீரியாவுக்கு உணவாகக் கொஞ்சம் அம்மோனியா மட்டும் சேர்த்துத் தொட்டியை நாலு முதல் ஆறு வாரம் ஓடவிட்டு, டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் வந்த பிறகு மீனைக் கொண்டு வாருங்கள். என்ன ஆனாலும் ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள், அங்கே இருக்கிற மீன்களை இது காலி செய்துவிடும். எனக்கும் இரண்டு பேர் அந்த யோசனையைச் சொன்னார்கள்.

ரெட் டெயில் இன்னும் அந்தத் தொட்டியில்தான் இருக்கிறது. ஒரு மீன் காட்சியகத்தில் கேட்டேன், இதே மீனை எடுத்துக்கொள்ளச் சொல்லி நிறைய பேர் வருகிறார்கள், எங்களிடம் இடம் இல்லை என்றார்கள். பெரிய சிமெண்டுத் தொட்டியும் சரியான ஃபில்டரும் வைத்து இந்த இனத்தை வளர்த்துப் பழகியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இனாமாகத் தருகிறேன், கொண்டுவந்து சேர்க்கும் செலவும் என்னுடையது. போன இரண்டு மாதச் சம்பளத்தை இனி நான் கேட்கப் போவதில்லை, இந்த ஒரு மீன் பிழைத்தால் போதும்.

நாளை முதல் தேதி. மகள் டேப்பை இப்போதே எடுத்துத் தொட்டி மேல் வைத்திருக்கிறாள். ஏழு வாளித் தண்ணீர் மாற்ற வேண்டும், எழுந்து போகிறேன்.