மொத்தமாகக் கான்ட்ரிப்பா, பிரித்துக் கட்டுவதா?

நிரல் சுதந்திர உரிமத்தில் இருக்கிறது. அது நம்பியிருக்கும் நூலகம் மட்டும் மூடியது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனுக்கு பேக்கேஜ் (நிறுவத் தயாரான நிரல் பொதி) கட்டுபவர்களில் பலர் என்றாவது ஒருநாள் இந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். பினாங்கில் நாங்கள் சிலர் சேர்ந்து, தமிழ்ப்பள்ளிகளின் பழைய ஆண்டு மலர்களை எழுத்தாக்க ஒரு சிறு நிரல் வைத்திருக்கிறோம். ஸ்கேன் செய்த பக்கத்தின் கோணலை நிமிர்த்தி, கறையை நீக்கி, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்டிடம் ஒப்படைப்பதுதான் அதன் வேலை. டெசராக்டும் அதன் தமிழ்த் தரவும் முழுக்கச் சுதந்திரமான நிரல்களுக்கான டெபியனின் மெயின் பிரிவிலேயே கிடைக்கின்றன. கறை நீக்கும் பகுதியை என்விடியா கார்டில் வேகமாக ஓட்ட அந்த நிறுவனத்தின் கியூடா என்ற கருவித்தொகுப்பு வேண்டும். அது நான்-ஃப்ரீ, அதாவது மூடிய நிரல்களுக்கான பிரிவில் இருப்பது. வம்பு அங்கேதான்.

சுலபமான வழி, முழு நிரலையும் கான்ட்ரிப்பில் போடுவது. தான் சுதந்திரமானது, ஆனால் மெயினுக்கு வெளியே உள்ள ஒன்று இல்லாமல் ஓடாது என்ற வகை நிரல்களுக்காகவே உள்ள பிரிவு அது. பேக்கேஜின் விவரங்கள் உள்ள கன்ட்ரோல் கோப்பின் செக்‌ஷன் வரியை மாற்றி, கட்டாயத் தேவைகளைச் சொல்லும் டிபெண்ட்ஸ் வரியில் கியூடாவைச் சேர்த்தால் போதும். கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் கான்ட்ரிப்புக்குப் போனது இப்படித்தான்: அதன் பயாஸைக் கட்ட டெபியன் ஏற்காத உரிமம் கொண்ட ஒரு கம்பைலர் (குறியீட்டை இயந்திர மொழியாக்கும் நிரல்) தேவைப்பட்டது.

இன்னொரு வழி, பிரித்துக் கட்டுவது. கணினியின் சாதாரணச் செயலியான சிபியுவில் ஓடும் உடல் பகுதி மெயினுக்கு, கியூடா துண்டு மட்டும் தனி பிளக்-இன்னாகக் கான்ட்ரிப்புக்கு. செயற்கை நுண்ணறிவு நூலகமான பைடார்ச்சை டெபியன் இப்படித்தான் வைத்திருக்கிறது: பைடார்ச் மெயினில், பைடார்ச்-கியூடா கான்ட்ரிப்பில். நாங்களும் இதைத்தான் எடுத்தோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நிறுவும்போது இணையத்திலிருந்து மூடிய கோப்பை இறக்கிக்கொள்ளும் பேக்கேஜ் மூன்றாவது வழி. அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அந்த வகை பேக்கேஜ் ஒன்று பள்ளிக் கணினி அறையில் பாதியில் நின்றுவிட்டது, அங்கிருந்த இணைய வடிகட்டி முகவரியைத் தடுத்ததால். பேக்கேஜ் அரைகுறையாகக் கிடக்க, அதற்கப்புறம் டெபியனின் நிறுவும் கருவியான ஆப்ட்டில் எதை நிறுவினாலும் அதே பிழை. "தம்பி, நான் போட்டது வேற, இது ஏன் அதையே சொல்லுது?" என்று ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி.

முதல் இரண்டில் எது என்பதை எங்களுக்குத் தீர்மானித்தது பராமரிப்பு. உரிமக் கொள்கை அல்ல, வேகமும் அல்ல. கியூடாவின் கம்பைலருக்குத் துணையாக ஜிசிசி என்ற சுதந்திரக் கம்பைலர் வேண்டும். ஆனால் ஒவ்வொரு கியூடா பதிப்பும் ஒரு குறிப்பிட்ட ஜிசிசி பதிப்பு வரைதான் ஏற்கும். 2023இல் வந்த டெபியன் 12இல் இயல்பான ஜிசிசி 12. அதிலுள்ள கியூடா 11.8க்கோ ஜிசிசி 11 வரைதான் தெரியும். 2025இல் வந்த டெபியன் 13இலும் அதே கதை: இயல்பு 14, கியூடா 12.4க்கு 13. அதாவது உங்கள் நிரல் எப்போதும் ஒரு தலைமுறை பழைய கம்பைலரில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பழைய கம்பைலரைக் களஞ்சியத்திலிருந்து எடுக்கும் பேச்சு வந்தால், அதை நம்பியிருப்பவை எல்லாவற்றின் மீதும் பிழை அறிக்கை விழும். சரிசெய்யும் சாவி உங்களிடம் இல்லை, என்விடியாவிடம் இருக்கிறது. நாள் கடந்தால், அடுத்த வெளியீடு உருவாகும் டெஸ்டிங்கிலிருந்து பேக்கேஜையே தூக்கிவிடுவார்கள்.

முழுக்கக் கான்ட்ரிப்பில் இருந்தால் இந்த அடி முழு நிரல் மீதும் விழுகிறது. கியூடாவையே தொடாத, கோணல் நிமிர்த்தும் நாலு வரிக் குறியீடும் சேர்ந்து வெளியே போகும். பிரித்து வைத்தால் பிளக்-இன் மட்டும் போகும். ஆசிரியர்கள் வேலை நிற்காது, கொஞ்சம் மெதுவாக ஓடும். இதோடு, டெபியனின் பாதுகாப்புக் குழு கான்ட்ரிப்புக்கும் நான்-ஃப்ரீக்கும் முறையான பொறுப்பு ஏற்பதில்லை. கட்டும்போதே நான்-ஃப்ரீ தேவைப்படும் பேக்கேஜைத் தானியங்கிக் கட்டுமானக் கணினிகளும் பொதுவாகத் தொடுவதில்லை. பராமரிப்பவரே தன் கணினியில் கட்டி ஏற்ற வேண்டும். பகலில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை, ராத்திரி இது என்று இருப்பவருக்கு அந்தப் பளு சிறிய துண்டின் மேல் மட்டும் இருப்பது பெரிய நிம்மதி.

பிரிப்பதற்கும் விலை உண்டு. இரண்டு பகுதிக்கும் நடுவே ஒரு எல்லை வரைய வேண்டும். நாங்கள் அதைச் சுத்தமான சி மொழியில் வைத்தோம்: படத்தைக் கொடு, திருத்திய படத்தை வாங்கு, நினைவகத்தை விடு. சி++ வகை எதுவும் அந்த எல்லையைத் தாண்டுவதில்லை என்பதால், ஒரு பக்கம் ஜிசிசி 14, மறுபக்கம் 13 என்றாலும் சண்டை வராது. மெயின் பேக்கேஜ் கட்டும்போது கியூடாவின் ஹெடர் கோப்பு ஒன்றுகூடத் தேவைப்படாது. ஓடும் நேரத்தில் பிளக்-இன் இருக்கிறதா என்று தேடும், இல்லாவிட்டால் சிபியுவில் தொடரும்.

அப்புறம் ஒரு சின்ன எரிச்சல். மெயினில் உள்ள பேக்கேஜ், மெயினுக்கு வெளியே உள்ளதை டிபெண்ட்ஸ் வரியிலும் ரெக்கமெண்ட்ஸ் வரியிலும் கேட்கக் கூடாது. சஜஸ்ட்ஸ் வரிக்கு மட்டுமே அனுமதி. சஜஸ்ட்ஸில் உள்ளதை ஆப்ட் தானாக நிறுவாது. நல்ல கார்டு வைத்திருப்பவருக்கும் பிளக்-இன் ஒன்று உண்டு என்பதே தெரியாமல் போகிறது. நிரலின் உதவிப் பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறோம். யார் படிக்கிறார்கள்!

டெபியனிலிருந்து பிறந்த உபுண்டுக்காரர்களுக்கு இந்த வேறுபாடு அவ்வளவாக உறைக்காது. டெபியனின் கான்ட்ரிப்பும் நான்-ஃப்ரீயும் அங்கே மல்டிவர்ஸ் என்ற ஒரே பெயரில் அடங்கிவிடும். இன்னொரு லினக்ஸ் வகையான ஃபெடோராவில் கேள்விக்கே இடமில்லை, வெளியார் களஞ்சியமான ஆர்பிஎம் ஃபியூஷனின் நான்-ஃப்ரீ பக்கம் போக வேண்டியதுதான். எந்த லினக்ஸிலும் ஓடும் பேக்கேஜ் வடிவமான ஃப்ளாட்பேக் இந்தத் தலைவலியில் பாதியைக் குறைக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஒரு முறை கட்டிப் பார்த்ததோடு சரி, வருடக்கணக்கில் பராமரித்த அனுபவம் எனக்கு இல்லை, அதனால் அதை எடை போட மாட்டேன்.

சிபியுவில் ஓடும் பாதையே இல்லாத நிரல் என்றால் என் பரிந்துரை மாறும். இல்லாத உடலை மெயினில் வைக்க முடியாது. நேராகக் கான்ட்ரிப்புக்குப் போங்கள். அந்தப் பாதை பேருக்காவது இருந்தால் பிரியுங்கள். எங்கள் அடுத்த வேலை, எல்லையில் உள்ள அதே மூன்று செயல்கூறுகளையும், ஒரே நிறுவனத்தின் கார்டுக்கு மட்டும் கட்டுப்படாத வல்கனில் எழுதுவது. அதை ஓட்டும் மேசா டிரைவர்கள் மெயினில் இருக்கின்றன. ஏஎம்டி, இன்டெல் கார்டுகளுக்கும் ஆகும் என்பதால் பள்ளிகளுக்கு அதுதான் கூடுதல் பயன்.