பெரம்பூர் பக்கம் கிரிக்கெட் பேட் ரிப்பேர் கடை: வேலை சூப்பர், டைம்தான் இழுக்குது

ஹேண்டில் உடைஞ்ச இங்கிலிஷ் வில்லோ மர பேட்ட இங்கதான் குடுத்தேன், பழைய பிரம்பு ஹேண்டில உளி வெச்சு நோண்டி எடுத்துட்டு அந்த வி ஷேப் பள்ளத்துல இருக்குற காஞ்ச பசைய ஃபுல்லா சுரண்டிட்டுதான் புதுச இறக்குறாரு, மேல நூல் சுத்துனது அவ்ளோ நெருக்கம், இப்ப பால் பட்டா கைக்கு அதிர்வே தெரியல. லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) கூட மெல்லிசாதான் தடவுறாரு, பல கடைல பேட்ட ஊறவே போட்டுடுவாங்க.

சுவரு பூரா ஏரியா கிளப் டீம் போட்டோதான். கடைக்கார அண்ணன் அந்தக் காலத்து விக்கெட் கீப்பராம், கிளப் கத எடுத்தாருன்னா நிறுத்த மாட்டாரு. வெள்ளக்காரன் மெட்ராஸ்ல 1846லயே கிளப் வெச்சுட்டான், நம்மாளுக்கு உள்ள எடமில்ல, அந்தக் கடுப்புல புச்சி பாபு நாயுடு 1888ல மெட்ராஸ் யுனைடெட் கிளப் ஆரம்பிச்சாரு, 1908ல அவனுங்களோட மேட்ச் பேசி முடிச்சுட்டு அத பாக்காமலே போய் சேந்துட்டாரு பாவம். இதெல்லாம் ஹேண்டில்ல நூல் பைண்டிங் போட்டுகினே சொல்றாரு, அதான் லேட்டாவுது போல.

நாளைக்கு வான்னு சொன்னா ஒரு வாரம்னு வெச்சுக்கோங்க. சண்டே காலைல போகாதீங்க, டென்னிஸ் பால் பசங்க கும்பலா நிப்பாங்க. ஜிபே கிடையாது, கேஷ் எடுத்துட்டு போங்க.